நிலாக் குழிகளுக்கும் பேர் உண்டு



கடந்த போயா தினத்தன்று ஹட்டனுக்கு அப்பால் உள்ள தோட்டமொன்றில் எமது மாதர் குழுக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடியும்போது இருட்டிவிட்டது. மின்சாரமும் நின்றுவிட்டது. எல்லோரும் லயத்து வாசலில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். முழுநிலவு மலைக்கு மேலே ஏறி வந்தது. பாட்டி வடை சுடுகிறாள் என்றாள் ஒரு சிறுமி. அது முயல் என்றான் இன்னொரு சிறுவன். சாதாரண தரம் படிக்கும் பிள்ளையொன்று இருவரையும் கேலி செய்துவிட்டு, விஞ்ஞான பாடத்துக்காகத் தாயின் கைத்தொலைபேசியில் சேர்த்து வைத்திருந்த நிலாப் படங்களை எமக்குக் காட்டினாள்.

அவற்றுள் ஒரு படத்தில் சாம்பல் நிறச் சமவெளி ஒன்று தெரிந்தது. அதன் நடுவே நூல் பிடித்தாற்போல நேர்கோட்டில் குழிகள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இருபதுக்கும் மேல் இருக்கும்.

பக்கத்தில் இருந்த அக்கா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். 1977 வன்செயலுக்குப் பின் சிறு பிள்ளையாக இருந்தபோது குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போனவர் அவர். அங்கேயே கலியாணம் முடித்தார். 2009 இல் இறுதி யுத்தத்தின்போது கணவர் காணாமற்போனார். முகாமிலிருந்து வெளியே வந்ததும் பிள்ளைகளோடு தம்பியின் லயக் காம்பராவுக்கே திரும்பி வந்து கொழுந்து எடுக்கிறார்.

"செல் விழுந்த மாதிரியே இருக்கு மிஸ். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. பங்கருக்குள்ள இருந்து எண்ணிக்கிட்டே இருப்போம், அடுத்தது நம்ம மேலயான்னு" என்றார்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்த அமைதியைக் கலைக்க நினைத்தோ என்னவோ, அந்தப் பிள்ளை, "இதுல சில குழிக்குத் தனித்தனியா பேரும் இருக்கு மாமி" என்றாள்.

அக்கா சிரித்தார். "மனுசருக்கே ஒழுங்கா பேர் எழுத மாட்டேங்கிறாங்க. குழிக்கு எழுதுறாங்களாக்கும்!"

அந்தச் சிரிப்புக்குள் இருந்த காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நிலாவின் குழிகள் ஏன் வரிசையாக விழுந்தன, அவற்றுக்கு யார் எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று அன்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் வாசித்தேன். அதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குழிகள் ஏன் வரிசையில் விழுந்தன?

நிலாவில் காற்று இல்லை, மழை இல்லை. விண்ணிலிருந்து வந்து மோதும் கல்லை எரித்து அழிக்கவோ, விழுந்த குழியைக் கழுவி மூடவோ அங்கே எதுவும் இல்லை. அதனால் பல கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த அடியின் தழும்பும் இன்றுவரை அப்படியே இருக்கிறது. பெரும்பாலான குழிகள் கண்டபடி சிதறிக் கிடக்கின்றன. சில இடங்களில் மட்டும் அவை சங்கிலிபோலத் தொடர்கின்றன. இத்தகைய தொடருக்கு வானியலார் 'கட்டீனா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குச் சங்கிலி என்பதே பொருள். உத்தியோகபூர்வமாகப் பெயர் பெற்ற சங்கிலிகள் நிலாவில் ஏறத்தாழ இருபது உள்ளன.

இவை உருவாவதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன.

முதலாவது வழி, பெரிய அடியிலிருந்து தெறித்த சிறிய அடிகள். சேற்றில் பாறாங்கல்லைப் போட்டால் சேறு நாலா பக்கமும் தெறிக்கும் அல்லவா? அதுபோல ஒரு பெரிய விண்கல் மோதும்போது அங்கிருந்து கிளம்பும் பாறைத் துண்டுகள் தொலைவில் போய் வரிசையாக விழுந்து புதிய குழிகளைத் தோண்டுகின்றன. கொப்பர்னிக்கஸ் என்ற 93 கி.மீ. அகலமான பெருங்குழியைச் சுற்றி இத்தகைய சிறு குழி வரிசைகள் பல உண்டு. வரிசை எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறது என்று பார்த்தால் தாய்க் குழி எதுவென்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி, நிலம் உள்ளே இறங்குவது. நிலத்தின் கீழே வெற்றிடம் உண்டாகி மேல் தரை அங்கங்கே அமிழ்ந்து போனாலும் குழிகள் வரிசையாகத் தோன்றும். ஹைஜீனஸ் என்ற நீண்ட பிளவில் இத்தகைய குழிகளைக் காணலாம். மண் இறங்குவதும் சரிவதும் மலையகத்தவருக்குப் புதிதல்ல. எனவே இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது வழிதான் மிகவும் விசித்திரமானது. விண்ணில் திரியும் எல்லாக் கற்களும் ஒரே இறுக்கமான பாறை அல்ல. சில, நன்றாகப் பிடிக்காத அரிசிமா உருண்டையைப் போலத் தளர்வானவை. அப்படியொன்று பெரிய கோள் ஒன்றுக்கு மிக அருகே போனால், கோளுக்குப் பக்கமாக உள்ள பகுதி அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுபடும். உருண்டை உதிர்ந்துவிடும். உதிர்ந்த துண்டுகள் உடனே சிதறிப் போவதில்லை. ஒற்றையடிப் பாதையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நிரையாகவே போகின்றன. எதிரே ஏதாவது குறுக்கிட்டால் அதே நிரையில் போய் விழுகின்றன.

இது வெறும் ஊகமாக இருந்த காலமும் உண்டு. அதை உலகம் கண்ணால் காண வழி செய்தவர்களில் ஒரு பெண்ணும் இருக்கிறார். கரோலின் ஷூமேக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின்னர், 51 வயதில்தான் வானத்தை ஆராயத் தொடங்கினார். அவரும் கணவர் யூஜினும் நண்பர் டேவிட் லெவியும் 1993 மார்ச்சில் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தனர். அது ஒரு புள்ளியாகத் தெரியவில்லை. கோத்த மணிமாலைபோலத் தெரிந்தது. 1992 இல் வியாழனுக்கு மிக அருகே போய் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்த வால்வெள்ளி அது. 1994 ஜூலையில் அத்துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வியாழனில் மோதின. பூமியிலிருந்த தொலைகாட்டிகள் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இப்போது நாம் பார்த்த படத்துக்கு வருவோம். அதிலிருந்த குழி வரிசையின் பெயர் கட்டீனா டேவி. நிலா முகத்தின் நடுவுக்கு அருகே இருக்கிறது. நீளம் சுமார் 50 கி.மீ. ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் போகும் தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான். வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. நல்ல தொலைகாட்டி வேண்டும். முழுநிலவில் பார்ப்பதைவிட வளர்பிறை அரைநிலா கழிந்த மறுநாள் பார்ப்பதே நல்லது. சூரிய ஒளி சாய்வாக விழும்போதுதான் குழிகளுக்கு நிழல் இருக்கும்.

இந்த வரிசை எரிமலை வாய்களாக இருக்கலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். நிலாவின் ஆழத்திலிருந்து வந்த கற்கள் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் அப்பலோ பயணங்களுக்கான இறங்குமிடமாகவும் இது பரிசீலிக்கப்பட்டது. கடைசியில் யாரும் அங்கே போகவில்லை. இந்த வரிசை எந்தப் பெருங்குழியையும் நோக்கி நிற்கவில்லை. எனவே மூன்றாவது வழியே இதற்குப் பொருந்துகிறது என்று மெலோஷ், விட்டேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 1994 இல் எழுதினர். அதாவது, ஒரு தளர்ந்த விண்கல் பூமிக்கு மிக அருகே வந்து போயிருக்கிறது. பூமியின் இழுப்பு அதை உடைத்திருக்கிறது. உடைந்த துண்டுகள் நிலாவில் போய் விழுந்திருக்கின்றன.

உடைத்தது பூமி, அடி வாங்கியது நிலா. இதைச் சொன்னபோது அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

டேவி யார்?

குழிச் சங்கிலிக்குப் பெயர் வைப்பதில் ஒரு எளிய வழக்கம் உண்டு. பக்கத்தில் ஏற்கனவே பெயர் பெற்ற பெரிய குழி இருந்தால் அதன் பெயரையே சங்கிலிக்கும் வைத்துவிடுவார்கள். டேவி என்ற குழிக்கு அருகில் இருப்பதால் இது கட்டீனா டேவி. அபுல்ஃபெடா குழிக்கு அருகில் உள்ளது கட்டீனா அபுல்ஃபெடா. தொங்கலில் இருக்கும் லயத்தைப் பக்கத்துக் கோயிலின் பெயரால் சொல்வதைப் போன்ற வழக்கம் இது.

டேவி குழி, ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானியின் பெயரைப் பெற்றது. நிலக்கரிச் சுரங்கங்களில் விளக்குச் சுடர் பட்டு வாயு வெடித்துத் தொழிலாளர்கள் கூட்டமாக மாண்டுகொண்டிருந்த காலத்தில், 1815 இல், வெடிக்காத பாதுகாப்பு விளக்கைச் செய்து கொடுத்தவர் இவர்.

இவருடைய தம்பி ஜோன் டேவி ஒரு இராணுவ வைத்தியர். 1816 முதல் 1820 வரை இலங்கையில் சேவை செய்தார். மலைநாட்டின் உட்பகுதிகளில் சுற்றித் திரிந்து, இலங்கையின் உட்பகுதியையும் அதன் மக்களையும் பற்றி 1821 இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நுவரெலியாச் சமவெளியைப் பற்றி முதன்முதலில் ஆங்கிலத்தில் எழுதியவர்களில் அவரும் ஒருவர். அப்போது அங்கே தேயிலையும் இல்லை, கோப்பியும் இல்லை, நமது முன்னோரும் வந்து சேர்ந்திருக்கவில்லை. அண்ணனின் பெயர் நிலாவில் இருக்கிறது. தம்பி நடந்து போன மலையில் நாம் இருக்கிறோம். படத்தைப் பார்த்தபோது இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

இந்தச் சங்கிலியிலுள்ள ஆறு சிறு குழிகளுக்கு மட்டும் தனிப் பெயர்கள் உண்டு: அலன், டெலியா, ஹரல்ட், ஒஸ்மான், பிரிசில்லா, சூசன். மூன்று ஆண் பெயர்கள், மூன்று பெண் பெயர்கள். யார் இந்த சூசன்? யார் இந்த டெலியா? யாருமில்லை. 1970களில் நிலாவை நுணுக்கமாகப் படம் வரைந்தபோது சிறு குழிகளையும் குறிப்பிட வேண்டியிருந்தது. பெரிய குழிகளுக்கு அறிஞர்களின் பெயர்கள் போய்விட்டன. சிறியவற்றுக்குப் பல நாட்டு மக்களிடையே சாதாரணமாக வழங்கும் முதற்பெயர்களை வைத்தார்கள். எந்த ஒரு தனி ஆளையும் அவை குறிப்பதில்லை. 'ரவி' என்ற பெயரிலும் நிலாவில் ஒரு சிறு குழி இருக்கிறது. கட்டீனா பிரிஜிட், கட்டீனா பியேர், கட்டீனா யூரி என்று முதற்பெயர் பெற்ற குறுஞ்சங்கிலிகளும் உண்டு.

ஆள் இல்லாத பெயர்கள் அங்கே இருக்கின்றன. அவை பிழையில்லாமல், ஒரே எழுத்தில், உலகத்தின் எல்லாப் படங்களிலும் இருக்கின்றன. இது தானாக நடந்துவிடவில்லை. இதற்குப் பின்னாலும் ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது.

மேரி பிளாக் போட்ட பட்டியல்

நிலாக் குழிகளுக்கு அறிஞர்களின் பெயர் வைக்கும் முறை 1651 இல் இத்தாலியரான ரிச்சியோலி வெளியிட்ட படத்தோடு வேரூன்றியது. அதற்குப் பின் வந்த ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தபடி பெயர்களைச் சேர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மேட்லர் ஒரு படம் வரைந்தார். ஷ்மிட் இன்னொன்று வரைந்தார். இங்கிலாந்தில் நீசன் வேறொன்று வரைந்தார். ஒரே குழிக்கு ஒரு படத்தில் ஒரு பெயர், மறு படத்தில் வேறு பெயர். ஒரே பெயர் இரு படங்களில் இரு வேறு குழிகளுக்கு. ஒருவர் எழுதியது எந்தக் குழியைப் பற்றி என்று மற்றவர் திண்டாடும் நிலை வந்துவிட்டது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க 1907 இல் ஒரு சர்வதேசக் குழு அமைக்கப்பட்டது. அதற்காக உட்கார்ந்து வேலை செய்தவர் மேரி அடெலா பிளாக். இங்கிலாந்தின் சீடில் என்ற சிறிய ஊரில் 1858 இல் பிறந்தவர். பல்கலைக்கழகம் போனவர் அல்லர். சகோதரர்களின் பாடப் புத்தகங்களை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே கணிதம் கற்றார். நடுவயதில் தன் ஊரில் நடந்த ஒரு விரிவுரையைக் கேட்டு வானியலில் ஆர்வம் கொண்டார். கூச்ச சுபாவமுள்ளவர், சபைகளுக்கு அதிகம் போகமாட்டார்.

அவர் செய்த வேலை என்ன? மூன்று படங்களையும் பக்கம் பக்கமாக வைத்தார். ஒவ்வொரு குழியையும் எடுத்து, மேட்லர் இதை என்ன சொன்னார், ஷ்மிட் என்ன சொன்னார், நீசன் என்ன சொன்னார் என்று ஒரே வரியில் எழுதினார். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று குறித்தார். அந்த ஒப்புநோக்குப் பட்டியல் 1913 இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு 55 வயது. 1916 இல் பிரித்தானிய அரச வானியல் சங்கம் முதன்முறையாகப் பெண்களை அங்கத்தவராக ஏற்றபோது தெரிவான ஐவரில் அவரும் ஒருவர். 1919 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் தோன்றியது. அதன் நிலாக் குழுவிலும் அவர் இடம்பெற்றார். 1935 இல் கார்ல் மியூலர் என்பவரோடு சேர்ந்து நிலாவின் பெயர்கள் அனைத்தையும் ஒழுங்குபடுத்திய நூலை வெளியிட்டார். நிலாப் பெயர்களுக்கு முதலாவது உத்தியோகபூர்வ அடிப்படையாக அமைந்தது அதுவே.

இவற்றுக்கிடையே முதலாம் உலக யுத்த காலத்தில் பெல்ஜியத்திலிருந்து ஓடிவந்த அகதிப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பணியையும் அவர் செய்தார். 1944 இல் காலமானார். அவருடைய பெயரில் நிலாவில் ஒரு குழி உண்டு. மிகச் சிறியது, 5 கி.மீ. அகலம்தான்.

பெயர் வைக்கும் உரிமை

இன்று நிலாவில் பெயர் வைக்கும் அதிகாரம் சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கே உண்டு. அதற்கு விதிகள் இருக்கின்றன. ஒருவருடைய பெயரை வைப்பதானால் அவர் இறந்து குறைந்தது மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். அண்மைக்கால அரசியல், இராணுவ, மதப் பெயர்கள் கூடாது. யுத்தத்தில் வென்ற தளபதியின் பெயரை யாரும் போய் நிலாவில் எழுதிவிட முடியாது. இந்த விதியைக் கேட்டதும் அன்று லயத்து வாசலில் இருந்த பலர், "அது நல்லதுதான்" என்றார்கள்.

விதி நல்லதாக இருந்தாலும் பழைய வழக்கத்தின் சாய்வு போய்விடவில்லை. நிலாவில் ஆட்களின் பெயர் பெற்ற குழிகள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். அவற்றில் பெண்களுக்கு உரியவை நூற்றுக்கு இரண்டு அளவில்தான். மேரி கியூரி, கரோலின் ஹேர்ஷல், வலன்டீனா தெரெஷ்கோவா போன்றோர் அந்தச் சிலருள் அடங்குவர். இந்தியாவின் கர்னாலில் பிறந்து, 2003 பெப்ரவரி முதலாந் திகதி கொலம்பியா விண்ணோடம் சிதறியபோது உயிரிழந்த கல்பனா சாவ்லாவின் பெயர் 2006 இல் ஒரு குழிக்குச் சூட்டப்பட்டது. அவரோடு இறந்த ஆறு பேருக்கும் அருகருகே ஆளுக்கொரு குழி வைத்தார்கள். ஏழு பேரும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

பெயர் வைப்பது அதிகாரம் உள்ளவர்களின் வேலை என்பதை மலையகத்தவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நமது தோட்டங்களின் பலகைகளில் ஸ்கொட்லாந்து ஊர்களின் பெயர்களும் துரைமாரின் பெயர்களும் இன்றும் இருக்கின்றன. நம் சனங்கள் அவற்றைத் தம் வாய்க்கு வந்தபடி தமிழாக்கிக்கொண்டார்கள், அல்லது வேறு பெயரே வைத்தார்கள். சிவனொளிபாத மலையடிவாரத்தில் துரைமார் 'டல்ஹௌசி' என்று பெயரிட்ட இடத்தை நம்மவர்கள் நல்லதண்ணி என்றார்கள். இன்று யாத்திரை போகும் சிங்கள மக்களும் அதை நல்லதண்ணி என்றே சொல்கிறார்கள். இருந்து வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

நமது பேர்

இனி அக்காவின் சிரிப்புக்கு வருகிறேன்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் சம்பளம். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் பேர் விழவில்லையென்றால் அன்று உழைத்தது வீண். பேர் இல்லாமற் போவதன் வலியை இதைவிடத் தெளிவாக எந்த மொழியும் சொல்ல முடியாது. 1948 இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் எந்த நாட்டுப் பட்டியலிலும் பேர் இல்லாதவர்களாக்கப்பட்ட சமூகம் நாம். 1964 ஒப்பந்தத்தில் இத்தனை இலட்சம் பேர் அங்கே, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று எண்ணிப் பிரிக்கப்பட்டோம். மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் உரிமை கிடைத்தது.

அந்த அக்காவுக்கு நேர்ந்தது இதுதான். அவருடைய உண்மைப் பெயரை எழுதாமல் மாதிரிக்கு முத்துலெட்சுமி என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பிறந்தபோது எழுதிய பிறப்புச் சான்றிதழில் 'முத்துலட்சமி'. வன்னியில் எடுத்த அடையாள அட்டை இடப்பெயர்வில் தொலைந்து, பிறகு எடுத்ததில் 'முத்துலக்சுமி', அதுவும் தகப்பன் பெயர் மாறி. தோட்டத்துப் பதிவிலும் சேமலாப நிதிக் கணக்கிலும் வெறும் 'லெட்சுமி'. அவருடைய திருமணச் சான்றிதழில் கணவரின் பெயர் ஒரு விதம். காணாமற்போனவர் என்று முறைப்பாடு எழுதிக் கொடுத்தபோது யாரோ எழுதிய பெயர் இன்னொரு விதம். போகுமிடமெல்லாம், "இது நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கிறார்கள். ஒரே மனுசி, நான்கு தாள்களில் மூன்று பேர்.

அன்று மேரி பிளாக்கின் கதையைச் சொல்லி முடித்ததும் அக்கா உள்ளே போய் ஒரு பொலித்தீன் உறையை எடுத்து வந்தார். பங்கரிலும் முகாமிலும் நெஞ்சோடு வைத்துக் காப்பாற்றிய தாள்கள் அதற்குள் இருந்தன. "அந்த அம்மா போட்ட மாதிரி நாமளும் ஒரு பட்டியல் போடுவமா மிஸ்?" என்றார்.

போட்டோம். அந்தப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில், மெழுகுதிரி வெளிச்சத்தில், கோடு கிழித்து எழுதினோம். முதல் நிரலில் ஆவணத்தின் பெயர். அடுத்ததில் அதில் எழுதியிருக்கும் பெயர், எழுத்துக்கு எழுத்து. பிறகு தகப்பன் பெயர், பிறந்த திகதி, இலக்கம், வழங்கிய இடம். கணவருக்கு இன்னொரு பக்கம். எழுதி முடித்தபோதுதான் எந்த ஆவணத்தைத் திருத்தினால் மற்றவை தாமாக நேராகும் என்று எங்களுக்கே விளங்கியது. அதுவரை நாங்கள் ஒவ்வொரு கந்தோராக அலைந்ததே தவிர எல்லாத் தாளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

உங்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டு ஆவணங்களை எடுத்து இப்படியொரு பட்டியல் போடுங்கள். இறந்தவர், காணாமற்போனவர் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலை விடுகைப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், பெற்றோரின் திருமணச் சான்றிதழ் போன்ற பழைய தாள்கள் இதற்கு உதவும். பிறப்பே பதியப்படாதவர்களுக்குக் காலங்கடந்த பதிவு என்ற வழி உண்டு. அதுவரைக்கும் இந்தப் பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள், அவர் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற 2016 இல் சட்டம் இடமளித்தது. அதில் எழுதும் பெயரும் திருமணச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒத்திருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் வாசித்துப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் படிக்கும் பிள்ளையை அழைத்துப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அக்காவின் காரியம் இன்னும் முடியவில்லை. சத்தியக் கடதாசி முடிந்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் திருத்தத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். கணவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. ஆனால் அவருடைய பெயரை எல்லா இடத்திலும் ஒரே விதமாக எழுத வேண்டும் என்பதில் அக்கா உறுதியாக இருக்கிறார். "அவரு வந்தாலும் வராட்டியும் பேராவது சரியா இருக்கட்டும்" என்கிறார்.

யாருடையதும் அல்லாத சூசனும் டெலியாவும் நிலாவில் பிழையின்றி எழுதப்பட்டிருக்கிறார்கள், ஒரு பெண் பொறுமையாக உட்கார்ந்து பட்டியல் போட்டு வழிகாட்டியதால். நாமும் உட்காருவோம், சகோதரிகளே. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.